பிளாட்டினத் துகளும் கரியேடும்: எரிபொருள் மின்கலங்களைப் பற்றி ஒரு பாடம்

திண்டிவனம், விழுப்புரம் தாலூகாக்களில் வளர்ந்த மாணவர்க்கு மணிலாக்கொட்டையை யாம் அறிமுகஞ் செய்யவேண்டுவதில்லை. 'மல்லாட்டை' என்று ஊர்வழக்கில் வழங்கும் அப்பயிருக்கு டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என எண்ணிட்ட விதைவகைகள் உண்டென்பதையும், அவ்வெழுத்துக்கள் திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயரின் சுருக்கமே என்பதையும், இவ்வூர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தினின்று அவை வெளிவந்தன என்பதையும் உழவர் வீட்டுப் பிள்ளைகள் அறிவர். அக்கொட்டையை ஆட்டி எடுத்த எண்ணெய் ஒழுகுந் தன்மையது. அத்தகைய எண்ணெயே 1937-ஆம் ஆண்டு முதல் டால்டா என்னும் பெயர் பூண்டு, நெய்போல் உறைந்து, தகர டப்பிகளிற் புகுந்து நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தது. ஒழுகுவதை உறையச் செய்தது யாது?

சூடேற்றிய எண்ணெயினூடே ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் மட்டும் ஒன்றும் நிகழாது. அதனோடு நிக்கல் என்னும் உலோகத்தின் நுண்பொடியைச் சிறிதளவு கலந்துவிட்டால், ஹைட்ரஜன் எண்ணெயின் அணுக்கோவையிற் சென்று பிணைகிறது, எண்ணெய் கெட்டியாகிறது. வேலை முடிந்தபின் வடிகட்டினால் நிக்கல் ஏறக்குறைய இட்டபடியே திரும்பக் கிடைக்கும். தான் செலவாகாமல் பிறிதொரு வினையை விரைவுபடுத்தும் இவ்வகைப் பொருளுக்கு வினையூக்கி என்று பெயர். இன்னுமொரு நுட்பம் ஈண்டுக் கருதத்தக்கது. நிக்கலைத் தனிப்பொடியாக இடுதலினும், டயட்டம் மண் என்னும் வெண்ணிற மண்ணின்மேற் படியச்செய்து இடுதலே ஆலைகளின் வழக்கம். உலோகம் வேலை செய்யும். மண் அதனைத் தாங்கும். (வனஸ்பதி உடலுக்கு நன்றன்று என்பதும், அதிலுள்ள தீய கொழுப்பை நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படாமல் 2022-ஆம் ஆண்டு முதல் சட்டம் கட்டுப்படுத்தியிருக்கிறது என்பதும் வேறு கதை.)

உலோகம், அதனைத் தாங்கும் பொருள் என்னும் இவ்விரண்டையும் மனத்திற் கொள்வோமாயின், இன்று காரைக்குடியிலும் சென்னையிலும் ஆராயப்பட்டு வரும் ஒரு பெரிய விஷயம் நமக்கு எளிதில் விளங்கும். அங்கே நிக்கலின் இடத்தில் பிளாட்டினம். மண்ணின் இடத்தில் கிராஃபீன் என்னும் கரியேடு. எண்ணெய்ச் சட்டியின் இடத்தில் எரிபொருள் மின்கலம்.

எரிபொருள் மின்கலம் என்பது யாது? ஹைட்ரஜனும் பிராணவாயுவும் கூடினால் நீர் உண்டாகும் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். தீக்கொளுத்திக் கூட்டினால் அது வெடித்து வெப்பமாக வீணாகிறது. அந்த வெப்பத்தைக்கொண்டு நீராவி எழுப்பி, சக்கரத்தைச் சுழற்றி, மின்சாரம் பெறலாமெனினும், வழிநெடுகச் சேதாரம் மிகுதி. அவ்விரு வாயுக்களையும் ஒன்றையொன்று நேரே தொடவிடாமல், இடையே ஒரு திரையிட்டு, ஹைட்ரஜன் தன் எலெக்ட்ரான்களைக் கம்பிவழியாகவே அனுப்புமாறு கட்டாயப்படுத்தினால், தீயின்றியே நீர் உண்டாகும். கம்பியில் மின்சாரம் ஓடும். இதுவே அக்கலத்தின் சூழ்ச்சி.

இச்சூழ்ச்சி புதியதன்று. 1839-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டினரான வில்லியம் குரோவ் என்பார், கந்தக அமிலத்தில் இரு பிளாட்டினத் தகடுகளை நிறுத்தி, ஒன்றினை ஹைட்ரஜனும் மற்றொன்றினைப் பிராணவாயுவும் சூழும்படி செய்து மின்சாரம் பெற்றார். அவர் தொழிலால் வழக்கறிஞர். பின்னாளில் நீதிபதியாகவும் அமர்ந்தவர். ஒழிந்த வேளையில் விஞ்ஞானம் பயின்றவர் இத்துணைப் பெரிய காரியத்தைச் செய்தார் என்பது பரீட்சைக்கு மட்டும் படிப்பார் நினைத்துப் பார்க்கத்தக்கது. அதற்கும் முன்னரே, 1823-இல், ஜெர்மானியரான டோபரைனர் ஹைட்ரஜனைப் பிளாட்டினப் பஞ்சின்மீது வீசச்செய்தபோது அது தானே பற்றி எரியக் கண்டார். இத்தகைய செயல்களுக்கெல்லாம் பொதுப்பெயர் இட்டவர் சுவீடன் நாட்டுப் பெர்சீலியஸ், ஆண்டு 1835.

குரோவின் கலம் ஏறத்தாழ நூறாண்டுக்குமேல் காட்சிப்பொருளாகவே கிடந்தது. 1965-ஆம் ஆண்டில் அமெரிக்கரின் ஜெமினி 5 என்னும் விண்கலம் இவ்வகை மின்கலத்தைச் சுமந்து சென்றபோதுதான் உலகம் அதனைத் திரும்பிப் பார்த்தது. அவ்விண்கலத்திற் போலவே இன்று கார்களிலும் பஸ்களிலும் பயன்படுவது, அமிலத்துக்கு மாறாகப் பிளாஸ்டிக்கை ஒத்த ஒரு மெல்லிய திரையைக் கொண்ட வகை. அத்திரை புரோட்டான்களை மட்டும் தன்னூடே விடும்; எலெக்ட்ரான்களை விடாது; வாயுக்களையும் எளிதில் விடாது. ஒருபுறம் ஹைட்ரஜன் புரோட்டானாகவும் எலெக்ட்ரானாகவும் பிரிகிறது. புரோட்டான் திரைவழியாகவும் எலெக்ட்ரான் கம்பிவழியாகவும் மறுபுறம் சேர, அங்கே பிராணவாயு இரண்டையும் ஏற்று நீராகிறது. கணக்குப்படி 1.23 வோல்ட் கிடைக்கவேண்டும். நடைமுறையில் வேலை வாங்கும்போது கிடைப்பது 0.6 அல்லது 0.7 வோல்ட்டே.

குறைந்த அரை வோல்ட் எங்கே போயிற்று? பெரும்பகுதி பிராணவாயுவின் பக்கத்தில் போயிற்று. ஹைட்ரஜன் மூலக்கூறு எளிதிற் பிரியும். பிராணவாயுவின் இரு அணுக்களோ ஒன்றையொன்று வலிதிற் பற்றியவை. அவற்றைப் பிரிக்கவும், நான்கு எலெக்ட்ரான்களையும் நான்கு புரோட்டான்களையும் முறையாக ஊட்டவும், உண்டான நீரைக் கைவிடவும் தகுந்த ஓர் உலோகம் வேண்டும். பிராணவாயுவை மிக இறுகப் பற்றும் உலோகம், விருந்தினரை ஊருக்குத் திரும்பவே விடாத வீட்டாரைப்போல, அடுத்து வருவோர்க்கு இடமின்றிச் செய்துவிடும். மிகத் தளரப் பற்றும் உலோகமோ வந்தவரைத் திண்ணையோடு அனுப்பிவிடும். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழப் பொருந்தி நிற்பது பிளாட்டினம். அதுவும் சற்றே இறுகப் பற்றுவதுதான். ஆகவேதான் நிக்கல், கோபால்ட் முதலியவற்றைச் சேர்த்து அதன் பிடியைச் சிறிது தளர்த்துகிறார்கள். மூன்று பங்கு பிளாட்டினமும் ஒரு பங்கு நிக்கலும் சேர்ந்த படிகத்தின் ஒரு முகம், தனிப்பிளாட்டினத்தின் அதே முகத்தினும் பத்து மடங்கு வேகமாக இவ்வினையைச் செய்வதை அமெரிக்காவின் ஆர்கான் ஆராய்ச்சிச்சாலையினர் 2007-இல் காட்டினர்.

பிளாட்டினம் அருமையான உலோகம். உலகில் தோண்டப்படுவதிற் பெரும்பங்கு தென் ஆப்பிரிக்காவிலிருந்தே வருகிறது. ஆகவே எவ்வளவு குறைத்து இடலாம் என்பதே கேள்வி. இதற்கு ஒரு சிறு கணக்கு விடை சொல்லும். மாணவர் காகிதமும் பென்சிலும் கொண்டு தாமே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிராம் பிளாட்டினத்தைக் கட்டியாக வார்த்தால், அதன் அடர்த்தி 21.45 ஆதலின், பக்கம் 3.6 மில்லிமீட்டருள்ள ஒரு கனசதுரமாகும். ஆறு முகங்களின் பரப்பையும் கூட்டினால் ஒரு சதுர சென்டிமீட்டர்கூட ஆகாது, 0.78 தான். உள்ளே புதைந்த அணுக்கள் வினைக்கு வாரா; மேற்பரப்பில் நிற்பனவே வேலை செய்யும். அதே ஒரு கிராமை 3 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக்கினால் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) மொத்தப் பரப்பு ஏறத்தாழ 93 சதுர மீட்டராகும். பன்னிரண்டு இலட்சம் மடங்குக்குச் சற்றுக் குறைவான பெருக்கம்! இவ்வுருண்டை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 900 அணுக்களே உள்ளன. அவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே நிற்கும். ஒரு கிராம் கொண்டு ஒரு கலியாண மண்டபத்தின் தரை முழுதும் பரப்பினாற் போன்றதன்றோ இது!

இதனால் வந்த பயனையும் கணக்கிடலாம். 10 கிலோவாட் தரும் ஓர் அடுக்கு வேண்டும் என்போம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஓர் ஆம்பியர், 0.65 வோல்ட் என வைத்தால், ஏறத்தாழ 15,400 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேண்டும். விண்கலக் காலத்திலே சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேலாகப் பிளாட்டினத்தை அள்ளிப் பூசினர். அவ்வளவில் நம் அடுக்குக்கு 300 கிராமுக்குமேல், அதாவது சவரன் கணக்கில் முப்பத்தெட்டுச் சவரன் எடை, வேண்டும். இக்காலத்தில் இருபுறமும் சேர்த்து 0.4 மில்லிகிராம் அளவிலேயே காரியம் நடக்கிறது. அப்படியாயின் 6 கிராம் போதும். முக்காற் சவரன் எடை. விலையுயர்ந்த நகை, பெண்ணின் கழுத்தினின்று விரலுக்கு இறங்கிவிட்டது என்னலாம்.

ஆயினும் துகள்களைச் சிறிதாக்கினால் மட்டும் போதாது. அவற்றைச் சிறிதாகவே நிலைக்கச் செய்யவேண்டும். ரசத்தின்மேல் மிதக்கும் நெய்த்துளிகள் ஒன்றோடொன்று முட்டிப் பெருந்துளியாவதை யாவரும் கண்டிருப்போம். பிளாட்டினத் துகள்களும் அத்தகையனவே. சில நகர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. சில அமிலச் சூழலிற் சிறிது சிறிதாகக் கரைந்து, பக்கத்திலுள்ள பெரிய துகளின்மேற் சென்று படிகின்றன. சிறியன தேயப் பெரியன கொழுக்கும். நாளடைவில் 93 சதுர மீட்டர் சுருங்கிப் பாதியாகும்; மின்கலத்தின் வலியும் குன்றும். எனவே ஒவ்வொரு துகளையும் தன் இடத்திலேயே பிடித்து நிறுத்தக்கூடியதும், மின்சாரத்தைக் கடத்தக்கூடியதும், அமிலத்துக்கு அஞ்சாததும் ஆகிய ஒரு தாங்கி வேண்டும்.

இதுகாறும் பெருவழக்கிலுள்ள தாங்கி கரிப்புகையை ஒத்த ஒருவகைக் கரித்தூள். விளக்குச் சுடரின்மேல் தட்டுக் கவிழ்த்து மை பிடிக்கும் நம் பாட்டிமார்க்கு இதன் உறவினர் நன்கு தெரிந்ததே. ஒரு கிராம் கரித்தூளுக்கு 250 சதுர மீட்டர் அளவு பரப்புண்டு, மின்சாரமும் கடத்தும், மலிவு. குறை யாதெனின், அது மெல்ல அரிக்கப்படுதலே. கரியும் நீரும் கூடிக் கரியமில வாயுவாதல் கணக்குப்படி 0.2 வோல்ட்டிலேயே தொடங்கத்தக்கது; நல்வினையாக மிக மந்தமாகவே நடக்கிறது. ஆனால் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பும் சில கணங்களில், கலத்தின் ஒரு பகுதியில் மின்னழுத்தம் ஒன்றரை வோல்ட் வரை ஏறிவிடுவதுண்டு. அப்போது கரி விரைந்து அரிபடும். மழையிற் கரைந்த மண்சுவரினின்று கற்கள் உதிர்வதுபோல் பிளாட்டினம் உதிர்ந்துபோகும்.

இவ்விடத்தேதான் கிராஃபீன் வருகிறது. பென்சிலின் உள்ளே இருக்கும் கரும்பொருளைக் காரீயம் என்கிறோம். அதில் ஈயம் அணுவளவும் இல்லை. அது கிராஃபைட் என்னும் கரியே. புத்தகத்தில் ஏடுகள் அடுக்கியிருப்பதுபோல் அதில் கரியணுக்கள் ஏடேடாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் ஏடும் தேன்கூட்டின் அறைகளைப் போன்ற அறுகோணங்களால் ஆனது, ஓரணுவே தடிப்பு. அவ்வேடு ஒன்றைத் தனியே பிரித்தெடுத்தால் அதுவே கிராஃபீன். மான்செஸ்டரில் ஆந்திரே கைம், கான்ஸ்டன்டின் நொவொசெலொவ் என்னும் இருவர், பொட்டலங் கட்டும் ஒட்டுநாடாவைக் கிராஃபைட்டின்மேல் ஒட்டி உரித்து உரித்து இதனைத் தனிப்படுத்தி 2004-இல் வெளியிட்டனர். 2010-இல் நோபெல் பரிசு பெற்றனர். கணக்கின்படி ஒரு கிராம் கிராஃபீனின் இருபுறப் பரப்பும் சேர்ந்து 2,630 சதுர மீட்டர். கரித்தூளினும் பத்து மடங்கு! மின்சாரம் கடத்துவதிலும் அது சிறந்தது. ஒழுங்கான கட்டமைப்பு உடையதாகலின் அரிப்புக்கும் எளிதில் ஆட்படாது.

இதன் மூலப்பொருளைத் தேடி நாம் கடல் கடக்கவேண்டுவதில்லை. சிவகங்கை ஜில்லாவில் செதிற்கிராஃபைட் மண்ணோடு கலந்து கிடக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனத்தார் அங்கே அதனைத் தோண்டிச் சுத்திகரிக்கும் ஆலையும் வைத்திருக்கின்றனர். அதே ஜில்லாவில்தான் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் அளிக்க, 1948 ஜூலை 25-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த நிலையம் அது. மண்ணில் கிராஃபைட்டும் மாடத்தில் மின்வேதியியலும் ஒரே ஜில்லாவில் அமைந்தது தற்செயலே எனினும், மகிழத்தக்க தற்செயல்.

ஒட்டுநாடாவால் உரித்து எடுப்பது காட்சிக்குப் போதும்; கிராம் கணக்கிற் கிடைக்காது. ஆகவே ஆராய்ச்சிக்கூடங்களில் வேறு வழி கையாளப்படுகிறது. ஹம்மர்ஸ், ஆஃப்மன் என்போர் 1958-இல் வெளியிட்ட முறைப்படி, கிராஃபைட்டை அடர்கந்தக அமிலத்திலிட்டு, சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சேர்த்தால், ஏடுகளின் இடையிடையே பிராணவாயு புகுந்து பிணைந்து, ஏடுகள் அகன்ற பழுப்புநிறக் கிராஃபைட் ஆக்ஸைடு உண்டாகும். பனிக்கட்டித் தொட்டியில் வைத்துக் குளிரச் செய்துகொண்டே பெர்மாங்கனேட்டைச் சிறுகச் சிறுகச் சேர்த்தல் வேண்டும். அவசரப்பட்டால் வெடித்து ஆளை ஊறுபடுத்தும். ஆசிரியர் உடனில்லாமல் எந்த மாணவரும் இதனைத் தொடலாகாது. பின்னர் அந்த ஆக்ஸைடைத் திடீரெனச் சூடாக்கினால், இடையிற் புகுந்த பிராணவாயு கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறிப் பீறிட்டெழுந்து ஏடுகளைத் தள்ளிப் பிரிக்கிறது. மணலில் வறுத்த நெல் பொரிவது போன்றதே இது.

இப்பொரித்தலில் நம் சென்னை ஐ.ஐ.டி.யின் பௌதிகத் துறையினர் இரு நேர்த்தியான வழிகளைக் கண்டனர். பேராசிரியர் ராமப்பிரபுவும் அவருடைய மாணவர்களும் 2010-இல், ஹைட்ரஜன் வாயுச் சூழலில் 200 பாகை வெப்பத்திலேயே ஏடுகள் பிரியுமென்று காட்டினர். மற்ற முறைகளுக்கு இதனினும் மிகுந்த வெப்பம் வேண்டும். 2011-இலோ சூரிய ஒளியைக் குவிவில்லையால் ஒருமுகப்படுத்தி, கிராஃபைட் ஆக்ஸைடின்மேல் விழச்செய்து, அதனைப் பொரித்துவிட்டனர். சிறுவர் பூதக்கண்ணாடியால் காகிதங் கொளுத்தும் விளையாட்டே ஆராய்ச்சியாக உயர்ந்தது. வெயிலுக்குக் குறைவில்லாத சென்னையில் இவ்வெண்ணம் தோன்றியதில் வியப்பில்லை.

இனி, கிராஃபீன் ஏட்டின்மேல் பிளாட்டினத்தை ஏற்றவேண்டும். பிளாட்டினம் கலந்த குளோரைடு அமிலத்தை நீரிற் கரைத்து, ஏடுகளை அதிற் கலந்து, எதிலீன் கிளைக்காலிலேனும் சோடியம் போரோஹைட்ரைடிலேனும் ஒடுக்கினால், உலோகம் நுண்துகளாக ஏட்டின்மேற் படியும். இங்கே ஒரு முரண் எழுகிறது. குற்றமற்ற கிராஃபீன் பளிங்குத் தரைபோல் வழவழப்பானது. துகள் அதன்மேல் நிலைகொள்ளாமல் வழுக்கும். துகள் பற்றிக்கொள்ள முடிச்சோ குழியோ வேண்டும். அத்தகைய குறைகளை உண்டாக்கினாலோ, அரிப்புத் தொடங்கும் வாயில்களும் அவையே. எந்தக் குற்றம் துகளைப் பிடிக்கிறதோ அதே குற்றம் ஏட்டைத் தின்னக் கொடுக்கிறது!

இம்முரணுக்கு ஒரு நடுவழி, கரியணுக்கள் சிலவற்றின் இடத்தில் நைட்ரஜன் அணுக்களை இருத்துதல். நைட்ரஜன் ஏட்டோடு ஏடாக இணைந்து நின்று, பிளாட்டினத்தையும் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. 2010-இல் ஜாஃப்ரி, ராஜலட்சுமி, ராமப்பிரபு ஆகிய மூவர் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை முழு மின்கலத்திலேயே சோதித்தது. ராஜலட்சுமி அம்மையார் பணியாற்றிய எரிபொருள் மின்கல மையம், ஹைதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.ஆர்.சி.ஐ. என்னும் மத்திய நிறுவனத்தின் சென்னைக் கிளை. நைட்ரஜன் ஏறாத கிராஃபீன்மேல் பிளாட்டினம் வைத்தபோது சதுர சென்டிமீட்டருக்கு 390 மில்லிவாட்டும், நைட்ரஜன் பிளாஸ்மாவாற் பதப்படுத்திய கிராஃபீன்மேல் வைத்தபோது 440 மில்லிவாட்டும் மிகுதியளவாகக் கிடைத்தன. எட்டில் ஒரு பங்கு ஏற்றம். பிரமாதமான பெருக்கமென்று சொல்லமுடியாது. ஆனால் நேர்மையாக ஒப்பிட்டுக் கண்ட பெருக்கம்.

கிராஃபீனுக்கு இன்னுமொரு குணம் உண்டு. பிரித்த ஏடுகள் உலர்ந்ததும் மீண்டும் ஒன்றன்மேலொன்றாக ஒட்டிக்கொள்ளும். அரும்பாடுபட்டுப் பெற்ற 2,630 சதுர மீட்டரும் திரும்பப் புத்தகமாக மூடிக்கொள்கிறது. அன்றியும், தட்டையான ஏடுகள் திரைக்கு இணையாகப் பாய்போற் படுத்துவிட்டால் பிராணவாயு உள்ளே செல்லவும் நீர் வெளியேறவும் வழியடைபடும். ஆகவே ஏடுகளுக்கிடையே கரிநுண்குழல்களையோ கரித்தூளையோ முட்டுக்கொடுக்கிறார்கள். மேற்சொன்ன சென்னைக் குழுவினரே 2011-இல் சூரியவெப்பத்தாற் பொரித்த கிராஃபீனோடு நுண்குழல்களைக் கலந்து தாங்கியாக்கினர். பலகைகளை அடுக்கும்போது இடையிடையே குச்சி வைப்பது தச்சர் அறிந்த உபாயந்தான்.

இங்ஙனம் சொல்லி வருகையில், கிராஃபீன் எல்லாக் குறைகளுக்கும் மருந்து என்று மாணவர் எண்ணிவிடலாகாது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இத்துறையில் வெளிவந்த கட்டுரைகளின் பெருக்கம் அளவிறந்தது. அது கலந்தோம், இது கலந்தோம், வினை விரைந்தது என்னும் ஒரே பாட்டு. மார்ட்டின் புமெரா என்னும் ரசாயன விஞ்ஞானி இதனைச் சோதிக்கப் புகுந்தார். உலோகமே இல்லாமல் கிராஃபீன் தானே பிராணவாயுவை ஒடுக்குகிறது என்று பலர் மார்தட்டிய காலத்தில், அவருடைய குழு 2013-இல் அதற்குக் காரணம் தயாரிப்பின்போது தங்கிப்போன உலோக அழுக்கே எனக் காட்டிற்று. பெர்மாங்கனேட்டில் மாங்கனீஸ் உண்டென்பதை நினைவு கொள்க. 2020-இலோ அவர் ஒரு படி மேலே சென்று, பறவையின் எச்சத்தைக் கிராஃபீனோடு கலந்து சூடாக்கிப் பார்த்தார். அதுவும் தனிக்கிராஃபீனைவிட நன்றாகவே வினைபுரிந்தது! நகைப்புக்குரிய சோதனைபோல் தோன்றினும், இது கடுமையான கேள்வி. எதைக் கலந்தாலும் முன்னேற்றம் தோன்றுமாயின், முன்னேற்றம் என்பதற்குப் பொருள் யாது?

ஆராய்ச்சிப் படிப்புக்குச் செல்லும் நம் மாணவர் பலர் இத்துறையிற் புகுகின்றனர். தம் வாழ்வின் நான்கைந்து ஆண்டுகளை ஒரு கரும்பொடிக்குக் கொடுக்கப் போகிறவர்கள், அதன் தகுதியை எவ்வாறு அளப்பதென்று முன்னரே தெரிந்திருத்தல் நலம். கண்ணாடிக் குடுவையில் அமிலத்திலிட்டு அளந்த அளவு ஒன்று. திரை, வாயு, நீர், வெப்பம் எல்லாம் கூடிய முழு மின்கலத்தில் அளந்த அளவு வேறொன்று. முன்னதில் முதல்வனாக நின்றது பின்னதிற் கடையனாவதைப் பலகாற் கண்டிருக்கிறார்கள். ஒப்பிடும்போது பழைய கரித்தூளில் நல்ல சரக்கை எடுத்து ஒப்பிடவேண்டும்; மட்டமானதை எதிரே நிறுத்தி வெல்வது வெற்றியாகாது. முக்கியமாக, முதல் மணி நேரத்தின் வலிமையைவிட ஆயிரமாவது மணி நேரத்தின் வலிமையே பெரிது. கார்களுக்கு 5,000 மணி நேரமும் பெருஞ்சரக்கு லாரிகளுக்கு 25,000 மணி நேரமும் உழைக்கவேண்டுமென்று அமெரிக்க எரிசக்தித் துறையினர் இலக்கு வைத்தனர். கிராஃபீனுக்கு இத்துறையில் இடமுண்டாயின், அது வேகத்தினால் அன்று, நீடிப்பினாலேயே உண்டாகும் என்பது எமது கருத்து.

பிளாட்டினத்தையே ஒழித்துவிடலாமா என்போரும் உளர். கோபால்ட் அடங்கிய ஒரு சாயப்பொருள் பிராணவாயுவை ஒடுக்கவல்லது என்று 1964-லேயே ஜாசின்ஸ்கி கண்டார். இன்று இரும்பணுவை நைட்ரஜன் அணுக்களுக்கு நடுவே கரியேட்டில் பதித்துச் செய்யும் ஊக்கிகள் நன்கு முன்னேறியுள்ளன; அமிலத்தில் நீண்ட நாள் நிலைப்பதில்தான் பின்தங்கி நிற்கின்றன.

நம் நாட்டில் இவையெல்லாம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. காரைக்குடி நிலையமும் புணே தேசிய ரசாயன ஆராய்ச்சிச்சாலையும் கே.பி.ஐ.டி. கம்பெனியும் கூடிச் செய்த மின்கல அடுக்குடன் 2020 அக்டோபரில் ஒரு கார் ஓட்டிப் பார்க்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் புணேயில் ஒரு பஸ் வெளிவந்தது. கொச்சிக் கப்பல் கட்டுந்துறையினர் கட்டிய ஹைட்ரஜன் படகினைப் பிரதமர் 2024 பிப்ரவரி 28-இல் தூத்துக்குடியிலிருந்து தொடங்கிவைத்தார். சென்னை இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜனால் இயங்கும் ரயில் பெட்டி 2025 ஜூலையில் சோதிக்கப்பட்டது. விழுப்புரம் சந்திப்பில் நிற்கும் நாம் அந்த ரயிலை எதிர்பார்க்கவேண்டுமா எனின், வேண்டா என்பேன். தலைக்குமேல் மின்கம்பி ஓடும் பாதையில் ஹைட்ரஜனைச் சுமந்து செல்வது, கிணற்றடியில் குடியிருப்பவன் வண்டியில் தண்ணீர் வரவழைப்பதை ஒக்கும். கம்பி இழுக்க முடியாத மலைப்பாதைக்கும், நெடுந்தூரப் பெருலாரிக்கும், கப்பலுக்குமே அது பொருந்தும்.

காரணம் கணக்கிலிருக்கிறது. மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஒரு கிலோகிராம் ஹைட்ரஜன் பெற 50 முதல் 55 யூனிட் வரை செலவாகும். அதனை மின்கலத்திலிட்டால் திரும்பக் கிடைப்பது பதினாறு, பதினேழு யூனிட். மூன்றில் இரண்டு பங்கு வழியிலே போய்விடுகிறது. அரிவாயுவிலிருந்து எடுப்பதோ, அதாவது நிலத்தடி இயற்கை வாயுவிலிருந்து பெறுவதோ, மலிவு. ஆனால் ஒரு கிலோவுக்கு ஒன்பது பத்துக் கிலோ கரியமில வாயு வானிற் கலக்கும். ஆகையால் சூரியனாலும் காற்றாலும் பெற்ற மின்சாரத்தைக் கொண்டு ஹைட்ரஜன் உண்டாக்கும் திட்டமொன்றுக்கு இந்திய சர்க்கார் 2023 ஜனவரி 4-இல் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கினர்.

நம் கடற்கரையிலும் இதற்கொரு சிறு தொடர்பு உண்டு. மரக்காணத்து உப்பளங்களைக் கண்டிராத திண்டிவனத்தார் இரார். உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். கூடவே ஹைட்ரஜனும் வரும். 80 கிலோ காஸ்டிக் சோடாவுக்கு 2 கிலோ ஹைட்ரஜன். எனவே ஒரு டன்னுக்கு 25 கிலோ. மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரிச் சாலையில், காலாப்பட்டில் இத்தகைய ஆலை ஒன்று உள்ளது. அங்கே இரு புறங்களையும் பிரித்து நிற்கும் மெல்லிய திரை, மின்கலத்தில் புரோட்டானை விடும் திரைக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

இவற்றைக் கண்ணாற் காண விரும்பும் மாணவர் ஒரு சிறு சோதனை செய்யலாம். இருபுறமும் சீவிய இரு பென்சில்களை ஒன்றையொன்று தொடாமல் ஓர் அட்டையிற் செருகி, சலவைச்சோடா கரைத்த ஒரு குவளை நீரில் முனைகள் மூழ்கும்படி நிறுத்துக. மேல்முனைகளில் 9 வோல்ட் பாட்டரியை ஒரு நிமிடம் இணைத்தால் இரு முனைகளிலும் குமிழிகள் ஒட்டி நிற்கும். ஒன்றில் ஹைட்ரஜன், மற்றதிற் பிராணவாயு. பாட்டரியை நீக்கி வோல்ட்மீட்டரை இணைத்துப் பாருங்கள். எதுவும் இணைக்கப்படாத குவளையிலிருந்து ஒரு வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் தோன்றி, குமிழிகள் தீரத்தீர மெல்ல இறங்கும். குரோவின் மின்கலம் அதுவே. பிளாட்டினம் இல்லாமையால் அதனிடமிருந்து பெறும் மின்னோட்டம் மிகச் சொற்பமாயிருக்கும். இரசாயனக்கூடத்தில் பிளாட்டினக் கம்பி கிடைத்தால் பென்சிலுக்குப் பதிலாக அதனை வைத்து இரண்டு அளவுகளையும் குறித்துக்கொள்க. சலவைச்சோடாவுக்குப் பதில் மரக்காணத்து உப்பை மட்டும் இடவேண்டா. குளோரின் வாயு எழுந்து மூச்சைத் திணறச் செய்யும்.